டவுனுக்குப் போனா பட்டினியாத்தான் திரும்பணுமா?



கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து ஒருநாள் நாங்கள் பதினோரு பேர் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். மணி மூன்றரை. வெயில் குறையவே இல்லை. "கண்ணு இருட்டுது அக்கா" என்று சொன்ன ஒரு சகோதரி, அப்படியே திண்டில் சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பி, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டோம். "வர்ற அவசரத்துல ஒரு வாய் டீத்தண்ணிதான்" என்றார்.

அப்புறம்தான் ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தோம். பதினோரு பேரில் எட்டுப் பேர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை! எல்லோருடைய பையிலும் காசு இருந்தது. பஸ் நிலையத்தைச் சுற்றிக் கடைகளும் இருந்தன. ஆனால் ஒருவர் கூட உள்ளே போகவில்லை.

அன்று பக்கத்துச் சந்தில் ஒரு அக்கா நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு எல்லோரும் போனோம். சோறு தீரும் நேரம். இருந்ததைப் பகிர்ந்து போட்டார். சாம்பார், ரசம், ஒரு கரண்டி மோர். அவ்வளவுதான். மயங்கி விழுந்த சகோதரி, ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "கல்யாண வீட்டைத் தவிர வேற எங்கயும் நான் இலை போட்டு உக்காந்து சாப்பிட்டதே இல்ல அக்கா." அவருக்கு நாற்பத்தைந்து வயது.

இந்தக் கட்டுரையை அதனால்தான் எழுதுகிறோம்.

நாம் ஏன் சாப்பிடுவதில்லை?

மனு கொடுக்கப் போகிறோம். வங்கிக்குப் போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வீட்டில் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு, நாம் மட்டும் சாப்பிடாமல் பஸ் ஏறுகிறோம். டவுனில் ஒரு டீ, ஒரு பிஸ்கட். வீட்டுக்கு வந்து நான்கு மணிக்குப் பழைய சோறு. ஆனால் திரும்பும்போது பிள்ளைகளுக்குப் பலகாரப் பொட்டலம் வாங்க மறப்பதில்லை.

காரணம் கேட்டால் பல சொல்கிறோம். "அந்தக் காசுக்கு வீட்டுல ஒரு வேளை காய் வாங்கலாம்." "ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க, எப்படிப் போறது?" "யாராவது பார்த்தா, ஓட்டல்ல உக்காந்து திங்குறான்னு சொல்லுவாங்க." சில சகோதரிகளுக்கு இதைவிட ஆழமான காரணம் உண்டு. தம் அம்மாவுக்கும் ஆயாவுக்கும் டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை. உள்ளே போனால் எப்படிப் பார்ப்பார்களோ என்ற தயக்கம் இன்னும் மனதில் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகளுக்குள்ளும் உணவகங்களுக்குள்ளும் போவதற்கு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற எதைக் காட்டியும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. உணவகம் என்ற சொல்லையே அந்தப் பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனால் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவது யாரும் நமக்குக் கொடுக்கும் சலுகை இல்லை. அது நம் உரிமை.

உடம்பையும் பார்க்க வேண்டும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், அதாவது 53 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தம் குறைந்த உடம்பை நாள் முழுக்கப் பட்டினி போட்டு அலைய வைத்தால் மயக்கம் வராமல் என்ன வரும்?

நம்ம ஊர்க் கடை என்றால் எது?

பெரிய கம்பெனிகளின் ஓட்டல்கள் இப்போது நெடுஞ்சாலையில் நிறைய வந்துவிட்டன. அவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நாம் இங்கே பேசுவது நம்ம ஊர்க்காரரே நடத்தும் கடைகளைப் பற்றி. வீட்டுத் திண்ணையில் ஆயா போடும் இட்லிக் கடை, கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் மெஸ், மரத்தடிக் கூழ் வண்டி, சாயங்காலம் அடுப்பு பற்றும் பரோட்டாக் கடை, இவைதான்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கடைகள் ஊருக்கு ஊர் ஒரு மாதிரி நடக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு போனால் சாப்பாடும் நன்றாகக் கிடைக்கும்.

பெரம்பலூர், சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். பஸ் நிலையம், ஆட்சியர் அலுவலகம், கல்லூரிகள் என்று ஆள் நடமாட்டம் நாள் முழுக்க உண்டு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். கிராமங்களிலிருந்து மனுவோடு வருவோர் கூட்டம் அன்று அதிகம். ஆனால் சின்னக் கடைகளில் மதியச் சோறு இரண்டு இரண்டரைக்கே தீர்ந்துவிடும். அதனால் மனு கொடுத்த கையோடு ஒரு மணிக்கே சாப்பிடப் போய்விடுவது நல்லது.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் வழக்கமாகத் திறக்கும். அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கும் அந்த இரண்டு நாள்தான் பெரிய வியாபாரம்.

அரியலூரில் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருக்கின்றன. லாரி ஓட்டுநர்கள், ஷிப்டு வேலைக்காரர்கள், ரயிலில் வந்து போகிறவர்கள் என்று எந்த நேரமும் பசியோடு ஆள் வரும். இப்படிப்பட்டவர்களுக்காக நடக்கும் கடையில் சோறு அளவு பார்த்துப் போட மாட்டார்கள். காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. ஐப்பசி பௌர்ணமியில் அங்கே நடக்கும் அன்னாபிஷேகத்துக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். அன்றைக்கும் ஆடித் திருவாதிரைக்கும் ஜெயங்கொண்டம் வரைக்கும் கடைகளில் கூட்டம் நிற்கும். அமைதியாகச் சாப்பிட வேண்டுமானால் சாதாரண நாளில் பிள்ளைகளோடு போங்கள். கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நம்மவர் கடையில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரலாம்.

என்ன கேட்டுச் சாப்பிடலாம்?

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. செட்டிகுளம், ஆலத்தூர் பக்கம் போனால் பட்டறை போட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். பெரிய வெங்காயம் போட்ட சாம்பாருக்கும் சின்ன வெங்காயம் உரித்துப் போட்ட சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அந்த வேலையை விடாமல் செய்யும் கடையைக் கண்டால் விடாதீர்கள்.

அரியலூர் மாவட்டத்தின் தெற்கே கொள்ளிடம். உள்ளே கரைவெட்டி போன்ற ஏரிகள். கரைவெட்டி 2024-இல் உலக அளவிலான ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஏரிகளில் மீன் பிடிக்கும் காலத்தில், சின்னக் கடைகளில் கெண்டையும் கெளுத்தியும் குழம்பாகும். "இன்னைக்கு ஏரி மீனா, ஐஸ் மீனா?" என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் உண்மையைச் சொல்வார்.

ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு. திருமானூர் பக்கம் நெல் வயல். குன்னம், வேப்பூர் பக்கம் மானாவாரி நிலம். ஒரு காலத்தில் அங்கே கம்பும் சோளமும் வரகும்தான் சோறு. இப்போது அந்த நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. கம்பும் கேழ்வரகும் கூழ் வண்டிக்கு வந்துவிட்டன.

கூழைப் பற்றி ஒரு வார்த்தை. "கூழ் குடிச்சா ஏழைன்னு நினைப்பாங்க" என்று நம் அம்மாக்கள் விருந்தாளி வந்தால் பானையை மறைத்து வைத்தார்கள். இன்று கார் நிறுத்திவிட்டுக் கூழ் குடிக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையே 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. நாம் வெட்கப்பட்ட சாப்பாட்டைத்தான் உலகம் தேடி வருகிறது.

வேறு நாட்டிலும் இப்படித்தான்

இது நம் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. அமெரிக்காவில் லூசியானா என்று ஒரு மாநிலம். அங்கே கேஜன் என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்கள் பிரெஞ்சு பேசியவர்கள். இன்றைய கனடாவில் இருந்த அவர்களை 1755 முதல் ஆங்கிலேயர்கள் நிலத்தைவிட்டே துரத்தினார்கள். அலைந்து திரிந்து லூசியானாவின் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். பிற்காலத்தில், பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழியைப் பேசியதற்காக அவர்களுடைய பிள்ளைகள் அடி வாங்கினார்கள்.

அவர்களும் நம்மைப் போல அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள். 'கம்போ' என்று ஒரு குழம்பு வைப்பார்கள். வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கைப்பக்குவமும் அதில் கலந்திருக்கிறது. நெல் வயலிலேயே தண்ணீர் கட்டி, இறால் மாதிரி இருக்கும் கிராஃபிஷ் என்ற உயிரினத்தை வளர்த்துப் பிடித்து வேக வைப்பார்கள். நம் ஊரில் வயல் நண்டு பிடித்து ரசம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிஷ் ஒரு காலத்தில் ஏழைகளின் சாப்பாடாகத்தான் இருந்தது. இன்று அதைச் சாப்பிடவே வெளியூர்க்காரர்கள் அங்கே போகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சின்னக் கடைகளைத் தேடிப் போகிறார்கள். ப்ரோ பிரிட்ஜ் என்ற சிற்றூரை உலகத்தின் கிராஃபிஷ் தலைநகரம் என்று 1959-இல் அந்த மாநிலச் சட்டமன்றமே அறிவித்தது.

அந்தச் சாப்பாடு எப்படிப் பிழைத்தது? உள்ளூர் மக்கள் வெட்கப்படாமல் தங்கள் கடைகளில் தாங்களே போய்ச் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர் வந்தார். நம்ம கூழும் ஏரி மீன் குழம்பும் நம்ம கடைகளில் நிற்க வேண்டுமானால், முதலில் நாம் போய் உட்கார வேண்டும்.

நாம் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

குழுக் கணக்கு எழுதும் நமக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு சாப்பாடு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாம் ஐந்து பேர் சாப்பிட்டால் 300 ரூபாய். அந்த 300 ரூபாயில் ஒரு பங்கு அரிசிக் கடைக்கு. ஒரு பங்கு வெங்காயம், கத்தரிக்காய் கொண்டுவந்தவருக்கு. ஒரு பங்கு தயிருக்கும் வாழை இலைக்கும். ஒரு பங்கு பாத்திரம் கழுவும் அக்காவின் கூலிக்கு. கேஸ், வாடகை போக மிச்சம் இருப்பது கடைக்காரரின் வீட்டுக்கு. அவர் குழு உறுப்பினராக இருந்தால், அதில்தான் கடன் தவணை கட்டுவார். அந்தத் தவணை மறுபடி இன்னொரு சகோதரிக்குக் கடனாகப் போகும்.

வெளியூர்க் கம்பெனி ஓட்டலிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், சரிதான். ஆனால் சரக்கு வெளியிலிருந்து வரும், லாபமும் வெளியே போகும். நம்மவர் கடையில் கொடுத்த காசு இரண்டு மூன்று கை மாறிய பிறகுதான் ஊரை விட்டுப் போகும்.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்ம ஊர்க்காரர் கடை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை. இவற்றைப் பாருங்கள்:

1. கூட்டம் பாருங்கள். உள்ளூர்க்காரர்களும் வேலைக்குப் போகிறவர்களும் தினமும் சாப்பிடும் கடையில் பண்டம் தேங்காது.

2. தண்ணீர் பாருங்கள். குடிநீர்ப் பாத்திரம் மூடியிருக்கிறதா? கை கழுவ இடம் இருக்கிறதா?

3. எண்ணெய் பாருங்கள். வடைச்சட்டியில் எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, புகைந்துகொண்டிருந்தால் பலகாரம் வேண்டாம். இட்லியோ சோறோ வாங்குங்கள்.

4. செய்தித்தாளில் பலகாரம் மடித்துக் கொடுத்தால் இலை கேளுங்கள். அச்சு மை பலகாரத்தில் ஒட்டும். செய்தித்தாளில் உணவுப் பண்டம் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது.

5. பார்சல் வாங்கத் தூக்கு கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சூடான சாம்பாரை பிளாஸ்டிக் பையில் வாங்குவது உடம்புக்கும் கேடு.

6. பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சின்னக் கடையானாலும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சண்டை போட வேண்டாம். "அக்கா, பதிஞ்சு வச்சுக்குங்க, நாளைக்குத் தொந்தரவு வராது" என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கல்லாவுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள்

கடை நடத்தும் பல பேர் நம்மைப் போன்ற பெண்கள்தான். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு பற்ற வைக்கிறார்கள். வீட்டு கேஸ் சிலிண்டரைக் கடையில் வைக்கக் கூடாது. கடைக்கென்று தனிச் சிலிண்டர் வாங்க வேண்டும், அதன் விலை அதிகம். வெங்காயம் விலை ஏறினால் சாப்பாட்டு விலையை உடனே ஏற்ற முடியாது. எல்லாவற்றையும் விடப் பெரிய நட்டம் மீந்துபோகும் சோறுதான். நாற்பது பேர் வருவார்கள் என்று வடித்து முப்பது பேர் வந்தால், அன்றைய லாபம் பானையிலேயே நின்றுவிடும்.

அதனால் நாம் செய்யக் கூடியவை சில உண்டு. பத்துப் பேருக்கு மேல் போவதானால் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். சொன்னபடி போங்கள். கடன் சொல்லாதீர்கள். சில்லறை கொண்டுபோங்கள். உப்புக் கூடினால் ஊரெல்லாம் சொல்லாமல் அவரிடம் மட்டும் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "குழம்பு நல்லா இருந்துச்சு அக்கா" என்ற ஒரு வார்த்தை, காலையிலிருந்து அடுப்பில் நின்றவருக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா?

சமைப்பது நமக்குப் புதுசா?

குழுப் பெண்கள் ஊருக்கே சமைத்துக் காட்டியிருக்கிறார்கள். 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு இட்லி சுட்டுப் போட்டவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் சமையல் வேலை குழுப் பெண்கள் கையில் வந்தது. பக்கத்துக் கேரளாவில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள், 2020-இல் மக்கள் உணவகங்களில் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார்கள். நம் குழுக்களிலும் இட்லி மாவு விற்பவர், கூழ் வண்டி தள்ளுபவர், மெஸ் நடத்துபவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஆனால் நம் கூட்டங்களுக்கே எங்கிருந்து சாப்பாடு வாங்குகிறோம்? யோசித்துப் பாருங்கள். நம் உறுப்பினர் கடையை விட்டுவிட்டு, பெயர் பெரிதாக இருக்கிறது என்று வேறு இடத்தில் பொட்டலம் வாங்கிய நாட்கள் உண்டு. அந்தத் தவறு எங்களுடையதும்தான்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துவிட்டு, மூன்று விஷயங்களைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

ஒன்று, குழு வேலையாக வங்கிக்கோ அலுவலகத்துக்கோ போகும் உறுப்பினருக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவும் கொடுப்பது. சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தபோது எத்தனையோ பேருக்குப் பஸ் காசு மிச்சமானது. அந்த மிச்சத்தையும் பட்டினியோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இனியாவது அதில் ஒரு பங்கு நம் வயிற்றுக்குப் போகட்டும்.

இரண்டு, தனியாகப் போகக் கூச்சப்படும் சகோதரியோடு இன்னொருவரும் சேர்ந்து போய் உட்கார்ந்து சாப்பிடுவது. எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் ஒரே பெஞ்சில், ஒரே மாதிரி இலையில்.

மூன்று, குழுக் கூட்டம், பயிற்சி, விழா எதுவானாலும் முதலில் நம் உறுப்பினர் நடத்தும் கடையில் விலை கேட்பது.

அன்று மயங்கி விழுந்த சகோதரி அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். மதியம் மணி ஒன்று அடித்ததும் அவர்தான் முதலில் எழுந்தார். "வாங்க அக்கா, சோறு தீர்ந்துடும், போலாம்" என்று எங்களைக் கூப்பிட்டார். எல்லோரும் போனோம். அன்று சின்ன வெங்காய வத்தக்குழம்பு, அப்பளம், மோர். அவர் இரண்டாவது முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நீங்களும் சாப்பிடுங்கள். உங்கள் ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடை எது, அங்கே எது ருசி என்று அடுத்த கூட்டத்தில் மற்ற குழுக்களுக்கும் சொல்லுங்கள்.